மாமல்லபுரம் பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையிலிருந்து நிதானமாகக் கிளம்பி, உச்சிவெயிலில் வந்து இறங்கி, எதிர்ப்பட்டதை எதிர்ப்பட்ட வரிசையில் பார்த்துவிட்டுத் திரும்புவதுதான் மாமல்லபுரத்திற்கு வருபவர்களில் பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு. பாறை கொதிக்கும் என்பது சிறிய காரணமே. புடைப்புச் சிற்பத்தை நமக்குக் காட்டுவது சாய்ந்து விழும் வெளிச்சம் என்பதே பெரிய காரணம். அர்ச்சுனன் தபசு என்று ஊரார் சொல்லும் பெரும்பாறை கிழக்கு நோக்கியது. காலை வெயிலில் ஒவ்வோர் உருவமும் தனித்தனியே எழுந்து நிற்கும், உச்சி தாண்டினால் பாறை தன் நிழலிலேயே மங்கிவிடும். ரதங்கள் எனப்படும் ஐந்து ஒற்றைக்கல் கோயில்களில் நான்கு மேற்கு நோக்கியவை என்பதால் அவற்றை மாலைக்கு ஒதுக்குவதே முறை. இந்த வரிசையைத் தலைகீழாக்கி, காலையில் ரதங்களையும் பிற்பகலில் தபசையும் பார்ப்பவர்கள் இரண்டையும் பாதியாகத்தான் பார்க்கிறார்கள்.

தபசுப் பாறையின் முன் நின்று, நடப்பது அர்ச்சுனன் தவமா, பகீரதன் தவமா என்று வாதிட்டே நேரத்தைக் கழிப்பது அடுத்த தவறு. அறிஞர்களிடையே இன்னும் முடியாத அந்த வழக்கை நாம் தீர்க்க வேண்டியதில்லை. சுமார் 27 மீட்டர் நீளமுள்ள அந்தப் பாறையின் நடுவே மேலிருந்து கீழாக ஓடும் பிளவில் நாகர்கள் இருக்கிறார்கள். பிளவின் அடிப்பகுதியில் ஆற்றங்கரைக் காட்சி: ஒருவர் ஈரத்துணியைப் பிழிகிறார், இன்னொருவர் தண்ணீர்க் குடத்தைத் தோளில் சுமக்கிறார். வலப்பக்கத்துப் பெரிய யானையின் அருகே, முன்னங்கால்களைத் தூக்கித் தவம் செய்யும் பூனையும் அதை நம்பிச் சூழ்ந்த எலிகளும் இருப்பதை யாராவது காட்டாவிட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கடந்துபோய்விடுவார்கள். பல்லவச் சிற்பியின் குறும்பு அது. எனக்கு அந்தப் பாறையில் மிகப் பிடித்த மூலையும் அதுவே.

ரதங்களின் பெயர்களை அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்வதும் பரவலான பிழை. பாண்டவர் பெயர்கள் பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டவை. திரௌபதி ரதம் எனப்படுவது உண்மையில் கொற்றவை கோயில். உள்ளே பின்சுவரில் தேவியின் காலடியில் ஒரு பக்தன் தன் தலையைத் தானே அரிந்து கொடுக்க முனைந்திருப்பதைக் குனிந்து பார்த்தால் காணலாம். நகுல சகாதேவ ரதத்தின் பின்புறம் யானையின் முதுகைப் போல் வளைந்திருக்கும். இந்த வடிவத்திற்குத் தூங்கானை மாடம் என்று பெயர். சிற்பி இதை உணர்த்தவே அருகில் ஒரு கல்யானையையும் நிறுத்தினானோ என்று தோன்றும். வாசலில் நின்று படமெடுத்துத் திரும்புபவர்கள் இந்த ஒப்புமையைத் தவறவிடுகிறார்கள்; கோயிலைச் சுற்றி வர வேண்டும்.

முடிவடையாத வேலைகளைக் குறையென்று எண்ணி ஒதுக்குவது இவை எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு. தர்மராஜ ரதத்தின் மேல்தளங்கள் நுணுக்கமாக முடிந்திருக்க, அடித்தளம் அரைகுறையாக நிற்பதிலிருந்தே ஒற்றைக்கல் கோயிலை மேலிருந்து கீழாகச் செதுக்கி வந்தார்கள் என்பது விளங்குகிறது. முடிவுறாத குடைவரைகளில், அதாவது குன்றைக் குடைந்து அமைத்த கோயில்களில், பாறையைக் கட்டம்கட்டமாக உளியால் பிளந்து, நடுவில் மிஞ்சிய துண்டுகளைத் தட்டி எடுத்த வழியும் அப்படியே தெரிகிறது. முடிந்த கோயில் இந்த இரகசியத்தை மறைத்துவிடும்.

கடற்கரைக் கோயிலில் இரண்டு சிவன் சன்னிதிகளுக்கு இடையே பள்ளிகொண்ட பெருமாள் இருப்பதைக் கவனிக்காமல் வந்துவிட வேண்டாம். இங்கும் ரதங்களிலும் ஒரே நுழைவுச்சீட்டு செல்லும். முதல் இடத்திலேயே கசக்கி எறிந்துவிடாதீர்கள்.

காட்சிமுனை என்றதும் எல்லோரும் வெண்ணெய் உருண்டைப் பாறைக்கடியில் கைகொடுத்துத் தாங்குவதாகப் படமெடுக்க வரிசையில் நிற்கிறார்கள். அந்த நேரத்தில் குன்றின் மேலேறி மகிடாசுரமர்த்தினி குடைவரைக்குப் போகலாம். அங்கே ஒரு சுவரில் சிங்கத்தின் மேலேறிப் போரிடும் தேவி, எதிர்ச்சுவரில் அரவணையில் துயிலும் திருமால் என, வேகமும் அமைதியும் எதிரெதிரே செதுக்கப்பட்டுள்ளன. அதற்கு நேர் மேலே நிற்கும் ஒலக்கணேசுவரர் கோயில், இப்போதைய கலங்கரை விளக்கம் எழும்புவதற்கு முன் விளக்கேற்றிக் கப்பல்களுக்கு வழிகாட்ட உதவியது. கிழக்கே கடலையும் மேற்கே பக்கிங்காம் கால்வாயையும் ஒருங்கே காண்பதற்கு அந்தக் குன்றுச்சியே தக்க இடம். கல் வழுக்கும், மழை நாளில் ஏற வேண்டாம்.

சிற்பம் வாங்குபவர்கள் கல் என்னவென்று கேட்காமல் விலை பேசுகிறார்கள். மாக்கல் மென்மையானது, எளிதில் செதுக்கப்படும். கருங்கல்லுக்கு உழைப்பு பல மடங்கு. இரண்டுக்கும் ஒரே விலை சொல்லப்பட்டால் ஐயப்படுவது நியாயம்.

ஊரோடு பயணத்தை முடித்துக்கொள்வதும் சரியன்று. வடக்கே சாளுவன்குப்பத்தில், யாளித் தலைகள் வளைந்து சூழ்ந்த புலிக்குகையும், 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு அகழ்ந்தெடுக்கப்பட்ட பழைய செங்கல் முருகன் கோயிலின் அடித்தளமும் இருக்கின்றன. சென்னைக்குத் திரும்பும் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டியே இவை அமைந்திருப்பதால், தனியாக ஒரு நாள் ஒதுக்க வேண்டியதில்லை. வெளிச்சம் இருக்கும்போதே புறப்பட்டால் போதும்.