கொரிய மாணவர்களுக்கு ஜப்பானியம்: ஆர்வம் எங்கே வற்றுகிறது?

முதலில் கொரியாவின் பூசானில், இப்போது டோக்கியோவில், கொரிய மாணவர்களுக்கு ஜப்பானியம் சொல்லிக்கொடுக்கிறேன். இரண்டு ஊரிலும் ஆர்வம் வற்றுகிற இடம் வேறு வேறு. ஆசிரியர் செய்ய வேண்டியதும் அப்படித்தான்.

தொடக்கத்தில் கவலையே வேண்டாம். நம் தமிழைப் போல இரண்டு மொழியிலும் வினை கடைசியில் வரும். வாக்குறுதிக்குக் கொரியத்தில் ‘யாக்சோக்’, ஜப்பானியத்தில் ‘யாகுசோகு’. குதூகலமாக ஓடுவார்கள். ஜப்பானியத்தில் வரும் சீன எழுத்துகளான கான்ஜி குவியும்போதுதான் வேகம் குறையும். அவர்களின் அன்றாட எழுத்து, ஒலியைக் குறிக்கும் ஹங்குல் ஆயிற்றே. இந்தத் தொய்வு வரும் என்று முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள். தனக்குத் திறமை இல்லையென்று நினைத்து விலகியவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசு கஷ்டப்படும்.

கொரியாவில் இலக்கே தேர்வுதான்: பள்ளிப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வான சுனுங், ஹாக்வோன் என்கிற தனிப்பயிற்சி நிலையங்களில் ஜப்பானிய மொழித் திறன் தேர்வான ஜேஎல்பிடி. ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கும் ஜேஎல்பிடியில் பேச்சுத் தேர்வே கிடையாது. அதனால் பேச்சில் முன்னேறுவதை அவர்கள் காதாலேயே கேட்க வழி செய்யுங்கள். கொரியத்தில் ‘ட்சு’ ஒலி இல்லை. என் மாணவி ஒருத்தி ‘ஹிதோட்சு’வை ‘ஹிதோச்சு’ என்பாள். வாரம் ஒருமுறை ஒன்று முதல் பத்து வரை போனில் பதிவு செய்யச் சொன்னேன். இரண்டு மாதம் கழித்து முதல் பதிவைப் போட்டதும், “இது நானா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். தேர்வு முடிந்த பிறகும் வகுப்புக்கு வந்தாள்.

டோக்கியோவில் வேறு சிக்கல். கொரியக் கடைகள் நிறைந்த ஷின்-ஓகுபோ பகுதியில் கொரியர்களோடே தங்கி, கொரிய உணவகச் சமையலறையில் வேலை பார்த்தால் ஜப்பானியம் தேவையே படாது. அனுமதி பெற்ற மாணவர் வகுப்புக் காலத்தில் வாரத்துக்கு 28 மணி நேரம் வேலை செய்யலாம். அந்த நேரம் வாடிக்கையாளரோடு பேசுகிற வேலையில் போகட்டும்.

அப்புறம், வேலையில் சொல்லித் தவறாகிப்போன வாக்கியத்தை மறுநாளே வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒரு பையன் தொலைபேசியில் வாடிக்கையாளரிடம் தன் மேலாளரை மரியாதை அடைமொழியோடு சொல்லிவிட்டான். கொரியத்தில் அதுதான் பண்பு. ஜப்பானியத்தில் வெளியாரிடம் நம் ஆளை உயர்த்திச் சொல்லக்கூடாது. திட்டு வாங்கியதும் வேலையை விடப்போகிறேன் என்றான். நான் வாடிக்கையாளராக நடித்தேன், அவன் போனை எடுத்தான். மேலாளரை அடைமொழி இல்லாமல் வெறும் குடும்பப் பெயரால் சொல்ல வேண்டும்; அது வாயில் வரவே இல்லை, தலை தானாகக் குனிந்தது. எட்டாவது முறை தடுமாறாமல் சொன்னான். அன்று மாலை வேலைக்குப் போய்விட்டான்.