முதல் ஸ்பிட்ஃபயர்: பழைய போர் விமான மாடல் கிட்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பாகங்களை ஒட்டிச் சிறு விமானமாக்கும் கிட்டை, பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் ஓவியத்தைப் பார்த்து வாங்குபவர்களே அதிகம். மேகங்களுக்கு நடுவே சீறிப் பாயும் அந்த விமானத்துக்கும், உள்ளே பாலித்தீன் உறையில் கிடக்கும் பிளாஸ்டிக் பாகங்களின் தரத்துக்கும் எந்தத் தொடர்பும் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எனவே, எதை வாங்குவது என்பதை எப்படி முடிவு செய்வது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

உதாரணத்துக்கு, இரண்டாம் உலகப்போரில் பிரிட்டன் பயன்படுத்திய சூப்பர்மரின் ஸ்பிட்ஃபயரை எடுத்துக்கொள்கிறேன். புதியவருக்கு இது நல்ல தொடக்கம். இரட்டை இறக்கை விமானங்களில் இறக்கைகளுக்கு இடையே இழுத்துக் கட்ட வேண்டிய கம்பிகள் இதில் இல்லை. பெரும்பாலான கிட்களில் கீழ் இறக்கை ஒரே துண்டாக வருவதால், இறக்கைகள் இருபுறமும் மேல்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டிய கோணம் தானாகவே அமைந்துவிடும்.

படி 1: எந்த மார்க் (விமானத்தின் வடிவ எண்) என்று முடிவு செய்யுங்கள்

ஸ்பிட்ஃபயரின் முதல் மாதிரி 1936 மார்ச் 5 அன்று பறந்தது. அதன்பின் 20,000-க்கும் அதிகமான விமானங்கள், மார்க் 1, மார்க் 5, மார்க் 9 எனப் பல வடிவங்களில் உருவாயின. 'ஸ்பிட்ஃபயர்' என்ற பெயரை மட்டும் பார்த்து வாங்கினால், மனத்தில் இருந்த விமானம் ஒன்றாகவும் கையில் வந்தது வேறொன்றாகவும் ஆகிவிடும். அடையாளம் காண்பது எளிது: மார்க் 1-இலும் 5-இலும் பெரும்பாலும் மூன்று அலகுள்ள ப்ரொப்பெல்லர் இருக்கும், வலது இறக்கையின் அடியில் பெட்டி போன்ற ரேடியேட்டரும், இடது இறக்கையின் அடியில் அதைவிடச் சிறிய எண்ணெய்க் குளிர்விப்பானும் இருக்கும். மார்க் 9-இல் மூக்கு நீண்டு, ப்ரொப்பெல்லர் நான்கு அலகு பெற்று, இரண்டு இறக்கைகளின் அடியிலும் ஒரே அளவிலான பெட்டிகள் வந்துவிட்டன.

முதல் முயற்சிக்கு மார்க் 1-ஐயே பரிந்துரைப்பேன். நம்மவர்களுக்கு அதில் கூடுதலாக ஒரு காரணமும் உண்டு. மெட்ராஸ் மாகாணத்திலிருந்து போர்நிதி சென்றதை முன்னிட்டு 'மெட்ராஸ் பிரெசிடென்சி' என்ற பெயரைத் தாங்கிய 234-ஆம் ஸ்குவாட்ரன் (விமானப் படைப்பிரிவு), 1940-ஆம் ஆண்டு பிரிட்டன் வான்போரில் ஓட்டியது மார்க் 1 ஸ்பிட்ஃபயர்களைத்தான். அதன் விமானங்களின் பக்கவாட்டில் 'ஏ.இசட்.' என்ற எழுத்துகள் இருந்தன. கிட்டோடு வரும் டீகாலில் (விமானத்தின் மேல் ஒட்டும் அடையாளப் படங்களில்) அந்த எழுத்துகள் இல்லையென்றால், டீகால் தாளைத் தனியாகவும் வாங்கலாம்.

படி 2: அளவு

ஸ்பிட்ஃபயரின் இறக்கை நீளம், முனையிலிருந்து முனைவரை, 11.23 மீட்டர். 1/72 அளவில், அதாவது உண்மை விமானத்தின் 72-இல் ஒரு பங்காக, இது ஏறத்தாழ 15.6 சென்டிமீட்டர், 1/48-இல் 23.4, 1/32-இல் 35. வாங்கும் முன் வைக்கப்போகும் அலமாரித் தட்டை ஸ்கேலால் அளந்து பாருங்கள்.

சிறியது என்றால் சுலபம் என்று நினைக்க வேண்டாம். 1/72-இல் பாகங்கள் குறைவு, விலையும் குறைவு என்பது உண்மைதான். ஆனால், விமானி அறையின் கண்ணாடி மூடியில் ஓடும் சட்டங்கள் ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய அகலத்தில்தான் இருக்கும்; அவற்றின் மேல் கை நடுங்காமல் வண்ணம் தீட்டும்போதுதான் புதியவர்களின் பொறுமை தீர்கிறது. பணம் தடையில்லை என்றால் 1/48 வாங்குங்கள். செலவைச் சுருக்க வேண்டும் என்றால் 1/72 போதும். எஞ்சின், திறந்து மூடும் மூக்குத் தகடுகள் என்றெல்லாம் வரும் 1/32 கிட்களை இரண்டாம் ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

படி 3: அச்சின் வயதைக் கண்டுபிடியுங்கள்

மற்ற எல்லாவற்றையும்விட இதில் அதிக நேரம் செலவழியுங்கள். பிளாஸ்டிக் பாகங்களை வார்க்கும் எஃகு அச்சு பல பத்தாண்டுகள் உழைக்கக்கூடியது. அதனால், நிறுவனங்கள் பழைய அச்சில் வார்த்த பாகங்களையே புதிய ஓவியம், புதிய டீகால், புதிய பெட்டியோடு திரும்பத் திரும்ப விற்கின்றன. சில சமயம் ஒரு நிறுவனத்தின் பாகங்கள் வேறொரு நிறுவனத்தின் பெட்டியிலும் வரும். பெட்டியில் உள்ள ஆண்டு பெரும்பாலும் அந்தப் பதிப்பு வெளியான ஆண்டுதானே தவிர, அச்சு செய்த ஆண்டு ஆகாது.

பழைய அச்சில் என்ன குறை? உலோகத் தகடுகள் சேரும் கோடுகள் பல பழைய கிட்களில் மேற்பரப்பிலிருந்து புடைத்து நிற்கும். உடலின் இரு பாதிகளையும் ஒட்டி, இணைப்பை உப்புத்தாளால் தேய்த்துச் சமன் செய்யும்போது, அந்தக் கோடுகளும் சேர்ந்து அழிந்துவிடும். அவற்றை மீண்டும் உருவாக்குவது தேர்ந்தவர்களுக்கே சள்ளை பிடித்த வேலை. இப்போதைய அச்சுகளில் கோடுகள் பள்ளமாகச் செதுக்கப்பட்டிருப்பதால், லேசாகத் தேய்த்தாலும் தப்பிவிடும். தேய்ந்த அச்சுகளில் பாகங்களின் ஓரத்தில் பிசிறும் படிந்திருக்கும்; இறக்கை உடலோடு சேரும் இடத்தில் இடைவெளி விழுந்து, புட்டி வைத்து அடைக்க நேரும்.

கண்டறியும் வழி இதுதான். ஸ்கேல்மேட்ஸ் என்ற இணையத் தரவகத்தில் கிட்டின் பெயரையும் எண்ணையும் கொடுத்தால், அந்த அச்சு எந்த ஆண்டில் பிறந்தது, எந்தெந்தப் பெட்டிகளில் மாறி மாறி வந்தது என்ற வரிசை கிடைக்கும். டாமியா நிறுவனத்தின் 1/48 மார்க் 1-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 61032 என்ற எண்ணுள்ளது 1993-ஆம் ஆண்டு அச்சு. 61119 என்ற எண்ணுள்ளது 2018-இல் புதிதாகச் செய்தது. பெயரும் அளவும் ஒன்றாக இருப்பதால், கடைக்காரரிடம் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். இரண்டாவதில் பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்தும் விதத்தைப் பார்த்தால் கூடுதல் விலை உறுத்தாது. 1/72-இல், ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 2010 வாக்கில் புதிய அச்சில் கொண்டுவந்த மார்க் 1, புதியவருக்கு அடக்கமான தேர்வு.

படி 4: பெட்டிக்குள் என்னென்ன உண்டு?

ஒரே பாகங்கள் பல பதிப்புகளாக விற்கப்படும். எடுவார்டு நிறுவனத்தின் 'வீக்கெண்ட்' பதிப்பில் பிளாஸ்டிக்கும் டீகாலும் இருக்கும். 'ப்ரொஃபிபேக்' பதிப்பில் மெல்லிய உலோகத் தகட்டில் பொறித்த நுண்பாகங்களும், வண்ணம் தீட்டும்போது ஒட்டும் மறைப்புத் தாள்களும் சேர்ந்து வரும். உலோகப் பாகங்களுக்குப் பிளாஸ்டிக் பசை பிடிக்காது, சூப்பர் குளூ வேண்டும். முதல் கிட்டில் அவற்றைத் தவிர்த்துவிடுங்கள்; மறைப்புத் தாள் மட்டும் தனியாகக் கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள்.

ஏர்ஃபிக்ஸ் 'ஸ்டார்ட்டர் செட்' பெட்டியில் வண்ணம், தூரிகை, பசை மூன்றும் அடங்கும். வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: எளிதில் தீப்பற்றும் பசையையும் எனாமல் வண்ணத்தையும் விமானத் தபாலில் அனுப்பக் கட்டுப்பாடுகள் உண்டு. அவற்றை உள்நாட்டிலேயே வாங்குவது உத்தமம்.

படி 5: வண்ணத் திட்டம்

1940-ஆம் ஆண்டு ஸ்பிட்ஃபயரின் மேற்பரப்பில் கரும்பச்சையும் மண்பழுப்பும், அடியில் 'ஸ்கை' எனப்படும் வெளிர்பச்சையும் இருந்தன. மூன்று வண்ணங்கள் மிரட்டினால், உளவுப் படமெடுக்கப் பறந்த ஸ்பிட்ஃபயர் கிட்டைத் தேடுங்கள். அவற்றில் பெரும்பாலானவை முழுவதும் ஒரே நீலம். அவற்றில் பெரும்பாலும் துப்பாக்கிகள் இருக்காது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

படி 6: பெட்டி வந்ததும்

எதையும் வெட்டும் முன், பாகங்கள் கோத்திருக்கும் ஸ்ப்ரூ சட்டங்களைச் செயல்முறைத் தாளில் உள்ள படத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். கண்ணாடி மூடியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, கீறலோ விரிசலோ உண்டா என்று பாருங்கள். கண்ணாடிப் பாகத்தில் விழுந்த விரிசலைப் புட்டியால் மறைக்க முடியாது. டீகால் தாள் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள்; அது மஞ்சளடித்திருந்தால், பெட்டி வெகுகாலம் கடையில் கிடந்திருக்கிறது என்று பொருள். குறை கண்டால் உடனே படம் எடுத்துக் கடைக்கு அனுப்புங்கள். ஒரு பாகத்தைச் சட்டத்திலிருந்து நறுக்கிவிட்டாலும் பெட்டியைத் திரும்பப் பெற எந்தக் கடைக்காரரும் சம்மதிக்க மாட்டார்.