சினைக்கொசுவைச் சிக்க வைக்கும் வாளிப்பொறி: வீட்டிலேயே செய்யும் முறை

கோலாலம்பூரில் ஒரு குடியிருப்பில் டிங்கிக் காய்ச்சல் தலைகாட்டியதும், புகை மருந்து அடிக்கும் இயந்திரத்தை நாமே செய்துகொள்ளலாமே என்ற எண்ணம் சிலருக்கு எழுகிறது. எரிவாயு அடுப்பையும் செம்புக் குழாயையும் கொண்டு அப்படி ஒன்றைச் செய்ய முயல்வதை நான் அறவே பரிந்துரைக்க மாட்டேன். சூடான குழாயில் எண்ணெய் கலந்த மருந்தைச் செலுத்தும்போது அது தீப்பற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு. அளவு தெரியாமல் கலந்த மருந்தை முதலில் சுவாசிப்பவர்கள் வீட்டிலுள்ள குழந்தைகளும் முதியவர்களும்தான். அதைவிட முக்கியமான காரணம் ஒன்றும் இருக்கிறது. புகை, அது பரவும் நேரத்தில் தன்மீது பட்ட வளர்ந்த கொசுக்களை மட்டுமே கொல்கிறது. டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் ஈஜிப்தி கொசுவோ கட்டிலுக்கு அடியிலும் அலமாரிக்குப் பின்னாலும் தொங்கும் துணிகளுக்கு இடையிலும் ஒதுங்கியிருக்கும். அதன் முட்டைகளையும் நீரிலுள்ள புழுக்களையும் புகை தொடுவதே இல்லை. புகையடிக்கும் வேலையைச் சுகாதார இலாகாவிடம் விட்டுவிட்டு, வீட்டில் நாம் குறிவைக்க வேண்டியது இரத்தம் குடித்துவிட்டு முட்டையிட இடம் தேடும் தாய்க்கொசுவை.

அந்தக் கொசு இருண்ட நிறமுள்ள பாத்திரத்தையும், இலைதழை ஊறிய நீரின் வாடையையும் நாடி வரும். பொறியின் அமைப்பு முழுவதும் இந்த இயல்பை வைத்தே உருவானது. கறுப்பு வாளியில் புல் ஊறிய நீர் இருக்கும். வாளியின் வாயை வலை மூடியிருக்கும். வலைக்கு மேல் ஒளி புகும் பிளாஸ்டிக் டப்பா ஒன்று கவிழ்ந்திருக்கும். டப்பாவின் உச்சியில் கறுப்பு நிறத்தில் நுழைவாய் இருக்கும். வாடையைத் தேடி உள்ளே இறங்கும் கொசு வலையால் தடைபட்டு நீரை எட்ட முடியாமல் மேலே எழும்பும்போது வெளிச்சம் தெரியும் பக்கமாகவே பறந்து சுவரில் மோதும். இருண்ட நுழைவாயைத் திரும்பக் கண்டுபிடிப்பது அதற்கு அரிது. சுவரில் மெல்லிதாகப் பூசிய சமையல் எண்ணெய் அதன் சிறகிலும் காலிலும் ஒட்டிக்கொள்ள, அது வலைமேல் விழுந்து மடிகிறது.

ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் 10 லிட்டர் கறுப்பு வாளி போதும். தீபாவளிப் பலகாரம் அடைத்து வைக்கும் அகன்ற டப்பாக்களில், வாளியின் வாய்க்கு ஒத்த அகலமுள்ள ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும்; தட்டினால் கலகலவென ஒலிக்கும் கடினமான பிளாஸ்டிக் வெட்டும்போது விரிசல் விடும் என்பதால், விரலால் அழுத்தினால் சற்று நெளியும் வகையே நல்லது. பூச்செடி நாற்று விற்கும் கடைகளில் கிடைக்கும் சிறிய கறுப்புத் தொட்டியின் அடிப்பகுதியை அறுத்துவிட்டால் அதுவே நுழைவாயாகிவிடும். அதன் வாய் 12 சென்டிமீட்டர் அளவில் இருக்கலாம். டப்பாவின் அடியில் அத்தொட்டியைக் கவிழ்த்து வைத்து வட்டம் வரைந்து, தொட்டியின் விளிம்பு உள்ளே விழாமல் தங்கும்படி அந்த வட்டத்துக்குச் சற்று உள்ளடங்கலாக வெட்டி, தொட்டியைச் செருகி, விளிம்பைச் சுற்றிக் கறுப்பு நாடா ஒட்டவும்.

வாளியில் மூன்று லிட்டர் நீர் நிற்கும் உயரத்துக்குச் சற்று மேலே, எதிரெதிராக இரண்டு துளைகள் இடவும். மழைநீர் உள்ளே இறங்கினாலும் நீர்மட்டம் வலையைத் தொடாமல் வழிந்தோட அவை உதவும். துளைகளின் உட்புறத்தில் ஒரு துண்டு வலையைப் பசையால் ஒட்டுவது கட்டாயம். இல்லாவிட்டால் கொசு அந்த வழியாகவே உள்ளே புகுந்து முட்டையிடும்.

வலையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பொறியின் நன்மையும் தீமையும் அதிலேயே அடங்கியுள்ளன. சன்னலுக்குப் பொருத்தும் கண்ணாடியிழை வலை ஏற்றது. அதை வாளியின் வாய்மேல் தொய்வில்லாமல் இழுத்து, பழைய சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் பட்டையால் இரண்டு சுற்றாக இறுக்கிக் கட்டவும். விரலை வைத்து அழுத்திப் பார்த்தால் வலை எங்கும் ஒரே விறைப்பாக இருக்க வேண்டும். கட்டியபின் வாளியை வெளிச்சத்துக்கு நேராகச் சாய்த்து, விளிம்பை ஒட்டி இடைவெளி தெரிகிறதா என்று சுற்றிலும் பாருங்கள். ஒரு சிறு கிழிசல் இருந்தாலும் நீங்கள் செய்தது பொறியாக இராது, கொசு வளர்க்கும் தொட்டியாகிவிடும். நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வீட்டு வளாகத்தில் ஏடிஸ் புழு காணப்பட்டால் அபராதம் விதிக்கப்படலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். வலையின் கண் வழியாக முட்டைகள் கீழே விழ வாய்ப்பிருப்பதால், நீரில் புழுக்கொல்லி மருந்து இடுவது பாதுகாப்பு. ஒரு விழுக்காட்டு ஏபேட் மணல் மருந்தை 100 லிட்டருக்கு 10 கிராம் என்ற கணக்கில் இடுவது வழக்கம். மூன்று லிட்டருக்கு ஒரு சிட்டிகை போதும்.

நீருக்குச் செல்லப்பிராணிக் கடைகளில் விற்கும் காய்ந்த புல்லோ, வெட்டி உலர்த்திய லாலாங் புல்லோ ஒரு கைப்பிடி போதுமானது. களைக்கொல்லி தெளித்த இடத்துப் புல் வேண்டாம். புல்லை வாளியில் இட்டு, குளோரின் வாடை நீங்க ஒரு நாள் திறந்து வைத்த குழாய்நீரை ஊற்றி, உடனே வலையைக் கட்டிவிடவும். ஊறுவது வலைக்குள்ளேயே நடக்கட்டும். ஒரு வாரத்தில் நீர் தேநீர் நிறமாகி வாடை எழும். பிறகு டப்பாவின் உட்சுவரில் எண்ணெயைத் துணியால் மெல்லிதாகத் தடவி, அதை வலைமேல் கவிழ்த்து, சேரும் இடத்தில் நாடா சுற்றினால் பொறி தயார்.

தரைவீடுகளில் நிழல் விழும் சுவரோரமோ செடித்தொட்டிகளின் நடுவோ தரையில் வைப்பது சிறப்பு. அடுக்குமாடியில் பால்கனியின் இருண்ட மூலை பொருந்தும். நேர் வெயிலில் வைத்தால் நீர் சூடேறும், எண்ணெயும் காய்ந்துபோகும். அருகில் செடித்தட்டிலோ பழைய டயரிலோ நீர் தேங்கியிருந்தால் கொசு அங்கேயே போய்விடுமாதலால், வாரம் 10 நிமிடம் ஒதுக்கி அவற்றைக் கவிழ்க்கும் வேலையை விட்டுவிடக் கூடாது.

இந்தப் பொறி கடிக்க வரும் கொசுவை ஈர்ப்பதில்லை. ஆகவே வைத்த மறுநாளே கடி குறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம். முட்டையிடும் தலைமுறை குறையச் சில வாரங்கள் ஆகும். ஒரு வீட்டில் மட்டும் வைப்பதாலும் பெரிய பயனில்லை. இதே கொள்கையில் அமைந்த ஒட்டுப்பொறிகளைப் போர்ட்டோ ரிக்கோவில் வீட்டுக்கு மூன்று வீதம், 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட வீடுகளில் வைத்தபோதுதான் ஏடிஸ் எண்ணிக்கை தெளிவாகக் குறைந்தது. ஆகவே பக்கத்து வீட்டு அக்காவிடமும் எதிர்வீட்டு அங்கிளிடமும் பேசி, ஒரு வரிசை முழுவதும் சேர்ந்து செய்வதே நான் வலியுறுத்தும் வழி.

வாரம் ஒருமுறை வலைமேல் கிடப்பவற்றை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். காலில் வெள்ளை வளையங்களும் முதுகில் யாழ் வடிவ வெள்ளைக் கோடுகளும் இருந்தால் அது ஏடிஸ் ஈஜிப்தி. முதுகின் நடுவே ஒற்றை வெள்ளைக் கோடு மட்டும் இருந்தால் ஏடிஸ் அல்போபிக்டஸ். இரண்டுமே டிங்கியைப் பரப்பக் கூடியவை. இரு வாரத்துக்கு ஒருமுறை எண்ணெயைப் புதுப்பித்து, இரு மாதத்துக்கு ஒருமுறை புல்லையும் நீரையும் மாற்றுங்கள். பழைய நீரைக் கால்வாயில் ஊற்றாமல் காய்ந்த மண்ணில் கொட்டி, வாளியின் உட்சுவரைத் தூரிகையால் அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். சுவரில் ஒட்டிய ஏடிஸ் முட்டைகள் நீரின்றிப் பல மாதங்கள் தாக்குப்பிடித்து, நீர் பட்டதும் பொரியக் கூடியவை. பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு ஊருக்குச் செல்வதாக இருந்தால், பொறியைக் கலைத்து, வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டே புறப்படுங்கள்.