காலியாகக் கிடந்த 7ஜிஏ கட்டம்

பிரான்ஸின் செயின்ட் தெனியில் நானும் அவரும் வேலைக்குப் போவதால் சின்னவளை கிரெஷில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், விடுகிறோம். ஆகஸ்டில் வருமான வரி நோட்டீஸ் வந்தபோதுதான் உறைத்தது, பிள்ளை பார்க்கும் செலவுக்கு ஒரு சல்லிக் காசு கழிவு இல்லை. வரிப் படிவத்தில் எல்லாம் ஏற்கெனவே நிரப்பியிருக்கும் என்று நம்பி, பார்க்காமல் கையெழுத்துப் போட்டது என் சோம்பேறித்தனம். அந்தச் செலவை எழுத வேண்டிய 7ஜிஏ கட்டம் காலி.

ஆபீஸில் காரைக்கால்கார அக்கா ஒருவர், "விடு, ஆன்லைனிலேயே திருத்தலாம்" என்றார். சரி என்று உட்கார்ந்து, கட்டிய 6,000 யூரோவை அப்படியே போடப் போனேன். நல்லவேளை அவர் தடுத்தார்: காஃப் என்ற அரசுக் குடும்ப நல நிதி அலுவலகம் கொடுத்த உதவித்தொகையையும் சாப்பாட்டுக் காசையும் கழித்துவிட்டுத்தான் எழுத வேண்டுமாம். கிரெஷ் கொடுத்த வருடாந்திரச் சான்றிதழில் சாப்பாடு தனி வரியில் இருந்தது, எல்லாம் போக 3,200 நின்றது. அதில் பாதி, 1,600 யூரோ, நமக்கு. வரியே கட்டாதவர்களுக்கும் கையில் வரும். ஒரு பிள்ளைக்கு 3,500 யூரோ செலவு வரைதான் கணக்கு, செலவு செய்த வருடம் ஜனவரி 1 அன்று பிள்ளைக்கு 6 வயது முடிந்திருக்கக் கூடாது.

சான்றிதழை அனுப்பச் சொல்லவில்லை, கேட்டால் காட்ட வேண்டும் என்பதால் அரிசி டப்பா மேல் இருக்கும் கோப்பில் வைத்திருக்கிறேன். திருத்திய நோட்டீஸ் அப்புறம் வந்தது.