நெட் இல்லாதபோதும் இணையதளம் படிக்க ஒரு வழி

பல வருடம் படித்துவந்த ஒரு தோட்டக்கலைத் தளம் ஒருநாள் திறக்கவே இல்லை. மாடித்தோட்டத்துக்கு நான் நம்பியிருந்த குறிப்புகள் அத்தனையும் அதோடு போயின. அன்றிலிருந்து முக்கியமான தளங்களை ஹெச்டிடிராக் (HTTrack) மூலம் கணினியில் சேமித்துவிடுகிறேன். 1998-லிருந்து இருக்கும் இலவச, கட்டற்ற மென்பொருள் இது. விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும்.

புராஜெக்டுக்கு ஒரு பெயர், சேமிக்க ஒரு ஃபோல்டர், தளத்தின் முகவரி, இவ்வளவு கொடுத்தால் போதும். பக்கங்கள், படங்கள் எல்லாம் இறங்கும். உள்ளே இருக்கும் இணைப்புகளையும் அது நம் கணினியில் உள்ள கோப்புகளுக்கே மாற்றிவிடும். அதனால் ஃபோல்டரில் உள்ள இன்டெக்ஸ் கோப்பைத் திறந்து, வழக்கம்போல கிளிக் செய்துகொண்டே படிக்கலாம்.

தொடங்கும் முன் ஆப்ஷன்ஸில் 'லிமிட்ஸ்' பகுதியை அவசியம் பாருங்கள். ஆழத்தை, அதாவது முதல் பக்கத்திலிருந்து எத்தனை இணைப்புகள் தாண்டிப் போகலாம் என்பதை, 2 அல்லது 3 என்று வையுங்கள். அப்படியே விட்டால் தளம் முழுவதையும் இறக்கப் பார்க்கும். பெரிய தளமென்றால் டிஸ்க் நிரம்பிவிடும். வீடியோ, ஜிப் கோப்புகள் வேண்டாமென்றால் 'ஸ்கேன் ரூல்ஸ்' பகுதியில் விலக்கலாம். பாதியில் நின்றால் அதே புராஜெக்டைத் திறந்து தொடரலாம். பிறகு புதிய பக்கங்கள் வந்தால் 'அப்டேட்' கொடுத்தால் போதும்.

ஸ்க்ரோல் செய்யச் செய்ய ஜாவாஸ்கிரிப்டால் விரியும் சமூக ஊடகப் பக்கங்களுக்கு இது சரிவராது. எழுத்தும் படமுமாக இருக்கும் தளங்களுக்கு அருமை. இறக்கியதை உங்கள் வாசிப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எழுதியவரின் உழைப்பு அது.