பாலைவனத்தை வரையப் போகிறீர்களா? மஞ்சள் ட்யூபைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்

பாலைவனம் என்றதும் கை தானாக மஞ்சள் ட்யூபுக்குத்தான் போகும். எனக்கும் போனது. ஆரம்பத்தில் வரைந்த படங்கள் எல்லாம் மஞ்சள் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தன. மணலையும் பாறையையும் உற்றுப் பார்த்தால் அங்கே தெரிவது பெரும்பாலும் துருவின் நிறம். சிவந்த பாறைக்கு நிறம் கொடுப்பது இரும்பு ஆக்ஸைடு, பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு ட்யூபுக்குள் இருப்பதும் அதேதான், அதனால் அங்கிருந்து தொடங்குங்கள். கூடவே மண் மஞ்சளான எல்லோ ஓக்கர், அடர் நீலமான அல்ட்ராமரின். முதல் நாளைக்கு இந்த மூன்றே போதும்.

நம் பழைய கவிதை மரபு பாலைக்கு ஒதுக்கிய பொழுது நண்பகல். கவிதைக்குச் சரி, வரைபவருக்கு அதைவிட மோசமான நேரம் கிடையாது, நிழல் எல்லாம் காலடியில் சுருங்கி மலை அட்டை மாதிரி தட்டையாகிவிடும். சூரியன் எழுந்த முதல் ஒரு மணி நேரமும் மறைவதற்கு முந்தைய ஒரு மணி நேரமும்தான் உங்களுடையவை. அதிலும் நிழல் ஓடிக்கொண்டே இருக்கும் என்பதால், உட்கார்ந்ததும் நிழல்களின் வடிவத்தை மட்டும் பென்சிலால் குறித்துவிடுங்கள், அப்புறம் வெளிச்சம் எப்படி மாறினாலும் அந்தக் கோட்டைத் தொடாதீர்கள். நிழலுக்குக் கறுப்பு வேண்டாம். மேகமில்லாத வானத்தின் நீலம் நிழலுக்குள் விழுவதால் அது ஊதா கலந்த நீலமாகத்தான் தெரியும், அல்ட்ராமரினில் துளி பர்ன்ட் சியன்னா சேர்த்தால் கிட்டத்தட்ட வந்துவிடும். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிறம் கலக்காதீர்கள், வீட்டுக்கு வந்து பார்த்தால் அது வேறு படமாக இருக்கும்.

வாட்டர்கலர்காரர்களுக்கு அங்கே ஒரு தனித் தொல்லை. வறண்ட காற்றில் வாஷ், அதாவது நீர்த்த வண்ணப் பூச்சு, பரவும் முன்பே காய்ந்து, விளிம்பு கோடு போட்டுக்கொண்டு நிற்கும். தாளை இரண்டு பக்கமும் நனைத்துக்கொள்ளுங்கள், பெரிய பிரஷ் எடுங்கள், தாள் சிறியதாக இருக்கட்டும், அஞ்சலட்டை அளவானாலும் பரவாயில்லை. ஆயில் என்றால் காற்று கொண்டுவரும் மணல் ஒட்டும், அதற்குப் பெரிய வைத்தியம் இல்லை. அமெரிக்க ஓவியர் ஜார்ஜியா ஓ'கீஃப் நியூ மெக்சிகோ மாநிலத்தில் தன் ஃபோர்டு காரின் இருக்கையைத் திருப்பிப் போட்டு உள்ளேயே உட்கார்ந்து வரைந்தார், கார் இருந்தால் நீங்களும் செய்யலாம். அங்கே கோஸ்ட் ராஞ்ச் என்ற இடத்தில் இருந்த தன் வீட்டிலிருந்து தெரிந்த பெடர்னால் மலையை அவர் திரும்பத் திரும்ப வரைந்ததையும் கவனியுங்கள். தினம் புது இடம் தேடி அலைவதைவிட ஒரே பாறையிடம் பத்து நாள் போவது எவ்வளவோ மேல்.

குடிக்க ஒரு நாளைக்கு ஓர் ஆளுக்கு நான்கு லிட்டர், பிரஷ் கழுவும் தண்ணீர் தனி. படம் வைக்கும் ஈசல் தாங்கியில் கல் கட்டுங்கள், குடை விரிக்காதீர்கள், பறந்துவிடும். அமெரிக்கத் தென்மேற்கில் மண்மேல் கறுத்த, மேடு பள்ளமான பொருக்கு தெரிந்தால் மிதிக்க வேண்டாம், அது உயிருள்ளது, ஒரு காலடித் தடம் ஆற வருடக்கணக்காகும்.

சரி, ஆட்கள் விஷயம். பாலைவன ஓவியர்கள் தனிமை விரும்பிகள் என்று ஒரு பேச்சு உண்டு, நான் அதை அவ்வளவாக நம்புவதில்லை. 1898இல் பெர்ட் ஃபிலிப்ஸ், எர்னஸ்ட் புளூமன்ஷைன் என்ற இரண்டு ஓவியர்கள் மெக்சிகோ போகும் வழியில் வண்டிச் சக்கரம் உடைந்து நியூ மெக்சிகோவின் டாவோஸ் (Taos) ஊரில் தங்க நேர்ந்தது. 1915இல் அங்கே ஆறு ஓவியர்கள் சேர்ந்து சங்கம் வைத்து, தங்கள் படங்களை ஊர் ஊராகக் கண்காட்சிக்கு அனுப்பினார்கள். வாங்குபவர்கள் தொலைவில் இருந்தார்கள், தனி ஆளாக அது நடக்கிற காரியமா?

இப்படிப்பட்ட ஓவியர்கள் வட்டத்துக்குள் நீங்கள் நுழைய எளிய வழி ஸ்டூடியோக்கள் கதவு திறந்து வைக்கும் நாட்கள். கலிஃபோர்னியாவில் ஜோஷுவா ட்ரீ பக்கம் நெடுஞ்சாலை 62ஐ ஒட்டி அக்டோபரில் அப்படி நடக்கும். படம் வாங்கக் காசில்லை என்றால் படம் அச்சிட்ட அட்டை ஒன்று வாங்குங்கள், "எந்த இடத்தில் வரைந்தீர்கள்" என்று எடுத்ததும் கேட்காமல் எந்தத் தாள், எந்த நேரம் என்று கேளுங்கள், பேச்சு தானாக வளரும். கையில் கொடுக்க ஏதாவது இருந்தால் இன்னும் நல்லது. ஆஸ்திரேலியாவில் பழங்குடி ஓவியர் ஆல்பர்ட் நமட்ஜிரா, 1936இல் ரெக்ஸ் பாட்டர்பி என்ற ஓவியரை ஒட்டகங்களோடு தன் மண்ணைச் சுற்றிக் காட்டினார், பதிலுக்கு வாட்டர்கலர் கற்றுக்கொண்டார். இரண்டே ஆண்டில் மெல்போர்னில் தனிக் கண்காட்சி.

அதே மத்திய ஆஸ்திரேலியாவின் பழங்குடியினர் வரையும் புள்ளி ஓவியங்களை மட்டும் பார்த்து நகலெடுக்காதீர்கள். அந்த வடிவங்கள் குறிப்பிட்ட குடும்பங்களுக்கும் நிலத்துக்கும் உரிய கதைகள், அவற்றை யார் வரையலாம் என்பதற்கு அவர்களிடமே விதி இருக்கிறது. பிடித்திருந்தால் பப்புன்யா டூலா போல ஓவியர்களே சொந்தமாக நடத்தும் நிறுவனத்தில் வாங்குங்கள், வீட்டில் மாட்டிவைத்துப் பாருங்கள், வரைவதற்கு உங்கள் பாறைக்கே போங்கள்.