சிகரம் வேண்டாம், கணவாய்க்குப் போங்கள்: முதல் மலை நடைக்கு ஒரு வழிகாட்டி

மலைக்கு முதன்முறை போகிறவர்கள் சிகரத்தைத்தான் குறி வைக்கிறார்கள். என்னைக் கேட்டால் கணவாயைத் தேர்ந்தெடுங்கள். வணிகரும் படையும் மேய்ப்பரும் காலங்காலமாகக் கடந்தது கணவாய்களைத்தான். காவல் கோட்டையும் பழைய சத்திரமும் அந்த வழியில்தான் இருக்கும். ஏற்றமும் குறைவு.

படி 1: வரைபடத்தைப் பாருங்கள். ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக் கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்து, விலகியிருந்தால் சாய்வு. இரு மேடுகளுக்கு நடுவே சேணம்போல் தாழ்ந்திருப்பது கணவாய்.

படி 2: நேரத்தைக் கணக்கிடுங்கள். இதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் தந்த விதி இன்றும் உதவுகிறது: ஏறக்குறைய 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு மேலும் ஒரு மணி நேரம். 10 கிலோமீட்டர் தொலைவும் 600 மீட்டர் ஏற்றமும் என்றால் மூன்று மணி நேரம். ஆனால் இது ஓய்வெடுக்காத, பழகிய கால்களுக்கான கணக்கு. நீங்கள் நாலரை என்று வையுங்கள். பழைய கல்லைக் கண்டால் நின்று பார்க்கும் ஆள் என்றால் ஆறு. நான் இந்தக் கணக்கைப் போடாமல் ஒருமுறை கிளம்பி, இருட்டில் தடவித் தடவி இறங்கியிருக்கிறேன். எங்கிருந்தாலும் திரும்பிவிட வேண்டிய நேரத்தைக் கிளம்பும் முன்பே முடிவு செய்யுங்கள். தலைவிளக்கும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 3: உடலைக் கவனியுங்கள். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் குறையும். 2,500 மீட்டருக்கு மேல் தலைவலியும் குமட்டலும் சேர்ந்து வந்தால் மேலே ஏறாதீர்கள். கூடினால் உடனே இறங்குங்கள்.

படி 4: காலடியைப் பாருங்கள். சுமை விலங்குகள் நடந்த பழைய பாதை நேராக ஏறாது, வளைந்து வளைந்து போகும். பாவிய கற்கள், பள்ளத்துப் பக்கம் தாங்குசுவர், மழைநீர் வடியக் குறுக்கே வெட்டிய கால்வாய் ஆகியவற்றைத் தேடுங்கள். காட்டுக்குள் படிக்கட்டுபோல் மேடுகள் தெரிந்தால், ஒருகாலத்தில் அங்கே உழவு நடந்திருக்கலாம்.

படி 5: எதையும் எடுக்காதீர்கள். 1991இல் ஆல்ப்ஸ் மலையில், ஒரு கணவாயின் அருகே, நடக்கப் போன இருவர் பனியில் ஓர் உடலைக் கண்டார்கள். அண்மையில் இறந்த மலையேறி என்றே முதலில் எண்ணினார்கள். பிறகுதான் தெரிந்தது, சுமார் 5,300 ஆண்டுப் பழைமை! ஓட்ஸி என்று பெயர் பெற்ற அவரை மீட்கும்போது துளைக்கருவி பட்டு இடுப்பு சேதமானது. உங்கள் கண்ணில் ஓர் ஓட்டாஞ்சில்லு பட்டாலும், கிடந்த இடத்திலேயே படமெடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள்.